கடலை விலை எழுதிய நோட்டு

பென்னாகரத்திலிருந்து மகளுடன் தருமபுரிக்கு வந்து, சென்ற வாரம் என்னிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போன ஐயாவுக்கு,

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் இருக்கிறது, முன்பணம் கட்ட இந்த மாதமே கடைசி என்கிறார்கள், இரண்டு ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டீர்கள். அன்று உங்கள் கலக்கத்தைப் பார்த்து யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன், வைக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு வழி, எண்ணெய் வித்துச் சந்தை ஆய்வு.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியலே படிப்பதானாலும், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த உரிமையை விட்டுவிட்டு நிலத்தின் மேல் கடன் வாங்கி அதே பட்டத்தை விலைக்கு வாங்குவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஓசூரில் இருக்கும் உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தோடுதான் அந்த இடத்தை வாங்கச் சொல்கிறார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி கட்டப்போவது அவர் இல்லை, நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை. "அப்பா சொன்னால் படிக்கிறேன்" என்று உங்கள் மகள் தலைகுனிந்து சொன்னதைத் தயவுசெய்து விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவளுடைய விருப்பம் எது என்பதை, அவள் தயங்கித் தயங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன நோட்டு சொல்லிவிட்டது. உங்கள் எண்ணெய்ச் செக்கில் வரவு செலவு எழுதத் தொடங்கிய அந்த நோட்டில், பின்பக்கத்திலிருந்து அவள் தனியாகக் கட்டம் போட்டிருக்கிறாள். நாள், கடலைக்காய் விலை, பருப்பு விலை, பிண்ணாக்கு விலை, மளிகைக் கடையில் பாமாயில் பாக்கெட் விலை என்று ஐந்து கட்டங்கள். 2022 மார்ச் மாதத்துப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "உக்ரைன்?" என்று எழுதியிருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் "இந்தோனேசியா நிறுத்திவிட்டது" என்று ஒரு வரி. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு பிள்ளை இதைச் செய்கிறாள் என்றால், அவளுக்கு எந்தப் படிப்பு என்று ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

அவள் அந்த ஓரத்தில் எழுதியது அத்தனையும் சரி. போருக்கு முன்னர் உலகச் சந்தைக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் முக்கால் பங்குக்கு அருகில் உக்ரைனும் ரஷ்யாவும் அனுப்பியவை. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் வாங்குவோர் எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் இந்தோனேசியா தன் நாட்டு விலையைக் கட்டுப்படுத்த ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதியையே தடுத்து, மே 23 அன்றுதான் மறுபடியும் திறந்தது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நம் நாடு அந்த அடியை நேராக வாங்கிக்கொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன், ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள சரக்கு இது. எப்போது வாங்குவது, எங்கே வாங்குவது, எவ்வளவு இருப்பு வைப்பது என்று கணக்குப் போட ஆட்கள் வேண்டும். அந்த வேலையைத்தான் நான் உங்கள் மகளுக்குச் சொல்கிறேன்: எண்ணெய் வித்துச் சந்தை ஆய்வு.

இது என்ன வேலை என்பது செக்கு வைத்திருக்கும் உங்களுக்கு எளிதில் விளங்கும். நூறு கிலோ கடலைப்பருப்பு ஆட்டினால் உங்களுக்கு நாற்பது கிலோவுக்குச் சற்று முன்பின்னாக எண்ணெய் வருகிறது, மீதி பிண்ணாக்கு. எண்ணெய் விலை, பிண்ணாக்கு விலை இரண்டையும் கூட்டி, பருப்பு விலையையும் ஆட்டுக்கூலியையும் கழித்துத்தான் இன்றைக்குச் செக்கு ஓட்டலாமா என்று முடிவு செய்கிறீர்கள். உலகம் முழுதும் அரவை ஆலைகள் போடுவது இதே கணக்குத்தான். ஆனால் சோயாவில் நூறு கிலோவுக்கு எண்ணெய் பதினெட்டு, பத்தொன்பது கிலோதான், எண்பது கிலோவுக்கு அருகில் பிண்ணாக்கு. ஆகவே சோயாவை முதலில் இழுப்பது தீவனம், எண்ணெய் அதன் கூடவே வருகிறது. சீனா தன் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் அளவில் சோயா வாங்குவதும், அதைப் பெரும்பாலும் பிரேசில் விளைவிப்பதும், நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் பிண்ணாக்கு விலை கேட்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இந்தோனேசியா 2025இல் தன் டீசலில் நூற்றுக்கு நாற்பது பங்கு பாமாயில் டீசலைக் கலக்கத் தொடங்கியிருக்கிறது. லாரிக்குப் போகும் எண்ணெய் ஏற்றுமதிக்கு வராது. இங்கே 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத கச்சா சமையல் எண்ணெய் வகைகளுக்கு 20 விழுக்காடு அடிப்படை இறக்குமதி வரி போட்ட மத்திய அரசு, 2025 மே கடைசியில் அதைப் பத்தாகக் குறைத்துவிட்டது. பாக்கெட் வாங்குகிறவருக்கு அது நல்லது, மானாவாரியில் கடலை போட்டிருக்கும் உங்களுக்கு அது நல்லதல்ல. இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்திலிருந்து போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வேலையின் நாள்களும் அப்படித்தான் நகரும். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியை ஒட்டி மலேசிய பாமாயில் வாரியம் இருப்புக் கணக்கை வெளியிடும். அதையொட்டி அமெரிக்க வேளாண் துறையின் உலக விளைச்சல் மதிப்பீடு வரும். மும்பையிலிருந்து எண்ணெய் ஆலைகளின் சங்கம் இறக்குமதிக் கணக்கைத் தரும். அவற்றோடு குஜராத் மண்டிகளின் கடலை வரத்து, பருவமழை, டாலர் மதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, "இரண்டு மாதச் சரக்கை இப்போதே பிடியுங்கள்" என்றோ "காத்திருங்கள்" என்றோ ஆலைக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இறக்குமதி நிறுவனங்கள், சுத்திகரிப்பு ஆலைகள், கடலையும் எள்ளும் ஏற்றுமதி செய்வோர், வங்கிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இத்தகையவர்கள் தேவைப்படுகிறார்கள். எண்ணெய் வித்து உற்பத்தியை 390 லட்சம் டன்னிலிருந்து 2030-31க்குள் 697 லட்சம் டன்னாக உயர்த்த மத்திய அரசு 10,103 கோடி ரூபாயில் திட்டம் வகுத்திருக்கிறது. அது முழுதாக நிறைவேறினாலும் இறக்குமதி நின்றுவிடாது என்பது என் கணிப்பு.

படிப்புக்கு வருகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். நீட் தேவையில்லை, 7.5 விழுக்காடு அங்கும் உண்டு. வேளாண்மையோ வேளாண் வணிகமோ முடித்து, முதுநிலையில் வேளாண் பொருளியல் எடுக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகமே விதைப்புக்கு முன் கடலை, எள் போன்றவற்றுக்கு விலை முன்கணிப்பு வெளியிடுகிறது என்பதால் கற்கும் இடத்திலேயே தொழிலும் கண்ணில் படும். இடம் கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் சேரட்டும், அங்கும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆனால் இதே வேளாண் படிப்புக்குத் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்று யாராவது வந்தால், அதற்கும் நிலத்தைத் தொடாதீர்கள்.

சிரமங்களையும் மறைக்கவில்லை. வேலை பெரும்பாலும் மும்பை, இந்தூர், ஐதராபாத் பக்கம் இருக்கும், இந்தி பேசிப் பழக வேண்டும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலை போலப் பேர் சொல்லும்படி இருக்காது. சோயா, கடுகு, கச்சா பாமாயில் ஆகியவற்றின் முன்பேர வணிகத்தை, அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் வணிகத்தை, சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 டிசம்பரில் நிறுத்தியதிலிருந்து அந்தப் பக்கத்து வேலைகள் சுருங்கிவிட்டன. புள்ளியியல் கசந்தால் இது வேண்டாம். நோட்டைப் பார்த்தால் அவளுக்குக் கசக்கும் என்று தோன்றவில்லை.

முன்பணம் கேட்பவர்களுக்கு இன்றே இல்லை என்று சொல்லிவிடுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை நான் உடனிருந்து நிரப்பித் தருகிறேன், சாதிச் சான்றிதழும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் எடுத்து வையுங்கள். நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த ஜூன் மாதக் கட்டம் இன்னும் காலியாக இருப்பதால், அதைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அவளையே அனுப்புங்கள்.