ஓடிக்கொண்டிருக்கும் நேரலையை டிவிஆர் பெட்டி எப்படி நிறுத்தி வைக்கிறது?

டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர், சுருக்கமாக டிவிஆர், என்பது தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தன்னுள் இருக்கும் ஹார்டு டிஸ்கில் பதிந்துகொண்டு, நாம் வேண்டும்போது காட்டும் பெட்டி. 1999-இல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்ற பெயர்களில் இது வீடுகளுக்கு வந்தது.

ஒளிபரப்பு நமக்காக நிற்பதில்லை. நாம் பார்க்கும் சேனலைப் பெட்டி இடைவிடாமல் டிஸ்கில் எழுதிக்கொண்டே, சற்று முன் எழுதியதைப் படித்துத் திரைக்கு அனுப்புகிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் படிப்பது மட்டுமே நிற்கும், எழுதுவது தொடரும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழ, நாம் தொட்டியிலிருந்து மொண்டுகொள்கிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இது: மொள்வதை நிறுத்தினாலும் தொட்டியில் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். இன்னும் குழாயில் வராத நீரை மொள்ள முடியாது என்பதால், விளம்பரத்தைத் தாண்டி ஓட்டுவதும் நேரலைக்குச் சற்றுப் பின்தங்கிப் பார்ப்பவருக்கே இயலும்.

வாங்கும்போது டிஸ்கின் அளவைவிட, சேனலின் சிக்னலைப் பிடித்துத் தரும் பாகமான ட்யூனர்களின் எண்ணிக்கையையே முதலில் கேளுங்கள் என்பேன். பாட்டிக்குத் தமிழ்த் தொடரும் அப்பாவுக்கு மலையாளச் செய்தியும் ஒரே நேரத்தில் வரும் வீட்டில், ஒன்றைப் பார்த்தபடியே மற்றொன்றைப் பதிவதற்கு இரண்டு ட்யூனர்கள் வேண்டும்.

தொலைக்காட்சியை அணைத்தால் பதிவும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர்; பதிவது டிவிஆர் பெட்டியே என்பதால், அதற்கு மின்சாரமும் சிக்னலும் கிடைக்கும்வரை, திரை இருண்டிருந்தாலும் குறித்த நேரத்தில் பதிவு நடக்கும்.