மேல்வீட்டுப் பச்சைச் சட்டை

கேள்வி: சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். நான், மனைவி, மகன் மூவரும் நிரந்தரவாசிகள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வரி கட்டுகிறேன், நகர மன்றக் கட்டணம் கட்டுகிறேன். ஆனால் 2025 மே தேர்தலில் புளோக்கே வாக்களிக்கப் போனபோது நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடுகிறது. மேல்வீட்டில் மூங்கில் கழியில் காயப்போடும் ராணுவச் சீருடையிலிருந்து எங்கள் துணிமேல் தண்ணீர் சொட்டுகிறது. எம்பியின் மக்கள் சந்திப்புக்கு இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டேன். ஓட்டு இல்லாதவன் பேச்சு எடுபடுமா? குடியுரிமை வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன், மனைவிக்குத் தயக்கம். மகனுக்குப் பதினைந்து வயது. தேசிய சேவை, அதுதான் இங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான ராணுவம் போன்ற பணி, அதைப் பற்றி அவனிடம் இன்னும் பேசவில்லை. பதினாறு ஆவதற்குள் தஞ்சாவூர்ப் பக்கம் அம்மாவிடம் விட்டுப் படிக்கவைக்கலாம் என்றும் ஓர் எண்ணம். அம்மாவுக்கும் துணையாக இருக்கும். என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்: தம்பி, இதே கடிதம் எனக்கு வருடத்துக்கு நாலைந்து வருகிறது. முதல் பக்கம் முழுக்க ஓட்டு, மின்தூக்கி, மைனா சத்தம், உணவங்காடியில் தோசை விலை. கடைசி மூன்று வரியில் பிள்ளை. உங்கள் கடிதத்தில் மைனா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அந்தக் கடைசி வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "அவனிடம் இன்னும் பேசவில்லை" என்கிறீர்கள்.

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தபோது அவனுக்கு என்ன வயது இருக்கும்? நாலு, ஐந்து? அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள். உங்கள் வேலைத் திறமைக்காக நிரந்தரவாசி ஆனவர் என்பதால் உங்களுக்குத் தேசிய சேவை கிடையாது. உங்கள் வழியாக ஆனவன் என்பதால் அவனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் சேர்ப்பு, முழுநேரமாக இரண்டு வருடம். அப்புறமும் நாற்பது வயது வரைக்கும் அவ்வப்போது கூப்பிட்டால் போகவேண்டும். 1967இலிருந்து இருக்கிற ஏற்பாடு, ஒளிவுமறைவு ஏதும் இல்லை. சலுகையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், கடனை அவன் பேரில் எழுதினீர்கள். அதைக் கடனை அடைக்கவேண்டியவனிடமே சொல்லவில்லை.

அவனுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உயர்நிலை மூன்றில் படிக்கிற பையன். கூடப் படிக்கிறவனின் அண்ணன் மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எம்ஆர்டி ரயிலில் பச்சைப் பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்புகிறவர்களை அவன் பார்க்காமலா இருப்பான்? எல்லாம் தெரியும். அப்பா இதை மட்டும் பேசமாட்டார் என்பதும் தெரியும். எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

ஊரில் விடுவதும் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது மாதிரி இல்லை. பதின்மூன்று வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால் அவன் வெளியேறும் அனுமதி வாங்கவேண்டும். இரண்டு வருடம் என்றால் பிணைத்தொகை, குறைந்தது 75,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால், நாளைக்கு அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது இது குறுக்கே நிற்கும். நிரந்தரவாசி வெளிநாடு போய்த் திரும்புவதற்கான உங்கள் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் இதைக் கணக்கில் எடுக்கலாம். பதினாறு வயதில் யாரையும் கேட்காமல் ஒருவன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கதவைச் சாத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அம்மாவுக்குத் துணையாம். வயதான காலத்தில் வளர்ந்த பையனுக்குச் சோறு வடித்துப் போட்டு, டியூஷனுக்கு அனுப்பி, ராத்திரி அவன் வரும்வரை தாழ்ப்பாள் போடாமல் காத்திருக்கும் வேலையை அவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் துணையா? அவருக்குத் துணையாக இருக்கவேண்டியது நீங்கள். அது தனிக் கணக்கு. அதைப் பேரனை வைத்துத் தீர்க்காதீர்கள்.

இதில் வேடிக்கை, நீங்கள் குடிமகன் ஆகப் பார்க்கிறீர்கள், மகன் மட்டும் நழுவவேண்டும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் கூடாது என்று வளர்ந்தவள் நான். எனக்கு இது பிடிக்கவில்லை. சேவை வேண்டவே வேண்டாம் என்றால், அவனையும் கேட்டுக்கொண்டு, விளைவுகளையும் தெரிந்துகொண்டு, மூன்று பேருமாக மூட்டை கட்டுங்கள். அதையாவது நான் மதிப்பேன்.

ஓட்டுக்கு வருகிறேன். 2010இல் சட்டம் திருத்திய பிறகு, வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களும் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நேரில் போய்த்தான் போடவேண்டும். 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடே வாக்களித்தபோது விமானம் ஏறினீர்களா? இருக்கிற ஓட்டையே போடாதவருக்கு இல்லாத ஓட்டின்மேல் என்ன அவ்வளவு ஏக்கம்? சிங்கப்பூரில் குடிமகனுக்கு வாக்களிப்பது கட்டாயம். போடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும், தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர்க்கமுடியும். மின்தூக்கிக்கு ஓட்டு வேண்டாம், கட்டணம் கட்டுகிற யாரும் நகர மன்றத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்துக்கொண்டே இருங்கள்.

குடியுரிமைப் படிவத்தை இப்போதைக்கு மேசைக்குள் வையுங்கள். அவனையும் உட்கார வைத்துப் பேசிய பிறகு எடுக்கலாம். உங்கள் மனைவியின் தயக்கத்தில்கூட எனக்குத் தெரிவது இந்தப் பேச்சு நடக்காத குறைதான். ராணுவத்துக்கு எடுத்தால், சேர்க்கும் நாளில் பெற்றோரையும் கூட்டிப்போவார்கள். சாங்கியிலிருந்து படகில் புலாவ் தெக்கோங் தீவு. உணவுக்கூடத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவனை விட்டுவிட்டு அதே படகில் திரும்பவேண்டும். அன்றைக்கு அவனிடம் முதல்முறையாகப் பேச ஆரம்பிக்க முடியாது.

மேல்வீட்டுத் தண்ணீரை நான் மறக்கவில்லை. எம்பியிடம் இரண்டு தடவை போனீர்கள், ஒரு மாடி ஏறினீர்களா? அந்தப் பையன் அநேகமாகச் சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி போகிறவன். அதற்குள் வாரத்துச் சீருடை முழுக்கக் காயவேண்டும். அவன் அம்மா ஒட்டப் பிழியாமல் கழியில் மாட்டிவிடுகிறார். வருகிற சனிக்கிழமை உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். தண்ணீரைப் பற்றி நீங்கள் அந்த அம்மாவிடம் பேசுங்கள். அவன் அந்தப் பையனிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொள்ளட்டும்.