நெஞ்சை ஏமாற்ற முடியுமா?

கேள்வி: அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கையைத் தொட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. 'இந்த வேலை எனக்குப் பிடிக்கும், நான் அமைதியாக இருக்கிறேன்' என்று தினமும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பயிற்சியாளர் சொன்னார். சொல்கிறேன், பலனில்லை. மனப்பாங்கை மாற்றினால் உணர்ச்சியும் மாறும் என்பதெல்லாம் சும்மாவா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சும்மா இல்லை. உங்களுக்குக் கிடைத்த வாசகம்தான் சரியில்லை. நெஞ்சு தடதடக்கும்போது 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னால், அது பொய் என்று முதலில் கண்டுபிடிப்பது அந்த நெஞ்சுதான்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பேசப் போகிறவர்களில் சிலரை 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றும், மற்றவர்களை 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்றும் சொல்ல வைத்தார். உற்சாகக்காரர்கள்தான் நன்றாகப் பேசினார்கள். பாட்டிலும் கணக்கிலும்கூட உற்சாகம் கைகொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குப் பதற்றம் ஒன்றும் போய்விடவில்லை. பயத்திலும் சரி, உற்சாகத்திலும் சரி, உடம்பு செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: இதயம் வேகமாகத் துடிக்கும், கை வியர்க்கும். அந்தத் துடிப்பை அடக்குவது கடினம். 'உடம்பு வேலைக்குத் தயாராகிறது' என்று எடுத்துக்கொள்வது அவ்வளவு கடினமில்லை. வேலை பிடிக்கும் என்று புளுக வேண்டிய அவசியமும் இல்லை. உலகத்தில் பாதி வேலை பிடிக்காமல்தான் நடக்கிறது.

ஆனால் பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அறிக்கையைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டதும் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் வில்லன். அந்த நிம்மதிக்காகவே மனம் அடுத்த முறையும் தள்ளிப்போடும். பயம் அப்படியே இருக்கும், கெடு மட்டும் நெருங்கும். இதற்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து சொன்ன வழி ரொம்பச் சாதாரணமானது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. 'அறிக்கையை முடிப்பேன்' என்ற சபதம் எடுபடாது. 'கணினியைத் திறந்ததும் முதல் அட்டவணையை நிரப்புவேன்' என்பது எடுபடும். தொடங்கலாமா வேண்டாமா என்று மனதோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம். (வேலையே இல்லாத நாளிலும் படபடப்பு தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், மருத்துவரைப் பாருங்கள். அது வேறு கதை.)

அப்புறம், உங்கள் பயிற்சியாளர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அறிக்கையில் உங்களைப் பயமுறுத்துவது எது? உளவியலாளர் ஆலிசன் டிராய் (இவரும் ஆலிசன்தான்) குழுவினர் 2013-இல் கண்டது இது: கைமீறிய கஷ்டத்தில், எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. தாங்களே சரிசெய்யக்கூடிய கஷ்டத்திலோ, அதே திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாக இருந்தது. சரிசெய்ய வேண்டியதை விட்டுவிட்டு, சகித்துக்கொள்ளப் பழகினால் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய விவரங்கள் கடைசி நாளில்தான் வந்து சேருகின்றனவா? மேலதிகாரி மாதாமாதம் படிவத்தை மாற்றுகிறாரா? எப்படி எழுதுவது என்று யாருமே சொல்லித்தரவில்லையா? இவற்றில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால், முதலில் போய் அதைக் கேளுங்கள். ஊழியரின் மனதை மாற்றச் சொல்வதில் நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. படிவத்தை ஒழுங்குபடுத்தத்தான் யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மனப்பாங்கை மாற்றச் சொல்லித்தரும் வகுப்புகளுக்கு இத்தனை கிராக்கி ஏன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.