சொந்தமாக ஏர்கோன், வயரிங் வேலை எடுக்கிறவர் எந்த பிராண்ட் கோர்ட்லெஸ் டூல் வாங்குவது?

தம்பி, கோலாலம்பூரில் ஏர்கோன், வயரிங் வேலையைச் சொந்தமாக எடுக்கப் போகிறீர்கள். மகித்தா, போஷ், டிவால்ட், மில்வாக்கி நான்கில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி வந்தாலே மெஷின் நிறத்தை வைத்து நீலக் கட்சி, சிவப்புக் கட்சி, மஞ்சள் கட்சி என்று அடித்துக்கொள்வார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை, எந்தக் கடைக்கும் கமிஷன் பிடிக்கவும் இல்லை.

இந்த நான்கு பேரும் தொழிலுக்கென்று போடும் 18 வோல்ட் டிரில் எதுவும் டிரங்கிங்குக்கு (வயர் போகும் பிளாஸ்டிக் உறை) ஸ்குரூ முடுக்கத் திணறாது. நீங்கள் உண்மையில் வாங்குவது பேட்டரியை. அடுத்தடுத்து வாங்கும் மெஷினெல்லாம் அந்தப் பேட்டரிக்குப் பொருந்த வேண்டும். ஆகவே முதலில், கூட வேலை செய்கிறவர்களிடம் என்ன பேட்டரி இருக்கிறது என்று பாருங்கள். சாவி வாங்கிய புது யூனிட்டில் மின்சார நிறுவனமான டிஎன்பியில் கணக்கு திறக்கும்வரை கரண்ட் இருக்காது. பதினைந்தாவது மாடியில் பேட்டரி தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவனிடம் ஒன்று கடன் வாங்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. அவர்கள் மகித்தா எல்எக்ஸ்டி என்றால் நீங்களும் அதுதான். 2005-இல் வந்த அந்த 18 வோல்ட் வரிசைக்கு இன்றும் புது மெஷின் வருகிறது.

வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். டிவால்ட்டின் '20 வோல்ட் மேக்ஸ்' 18 வோல்ட்தான். உள்ளே ஐந்து செல், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைத்தது. ஒவ்வொன்றும் வேலையின்போது சராசரி 3.6, சார்ஜ் ஏறி சும்மா இருக்கும்போது 4. எதைப் பெருக்கிப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மகித்தா 40 வோல்ட் மேக்ஸ் நிஜமாகவே வேறு: 36 வோல்ட், எல்எக்ஸ்டி பேட்டரி அதில் ஏறாது. உங்கள் வேலைக்கு அது இப்போது தேவையும் இல்லை. ஹைகோக்கி என்கிற இன்னொரு பிராண்டின் மல்டிவோல்ட் பேட்டரி மட்டும் 36 வோல்ட் மெஷினில் 36, அவர்களுடைய புதிய 18 வோல்ட் மெஷினில் 18 கொடுக்கும். போஷ் எடுத்தால் நீலம். பச்சை வீட்டு உபயோகத்துக்கு, இரண்டுக்கும் பேட்டரி ஒன்றுக்கொன்று சேராது.

பிராண்டை முடிவு செய்யவேண்டிய மெஷின் டிரில் அல்ல, காங்கிரீட்டை இடித்துக்கொண்டே துளைக்கும் எஸ்டிஎஸ் பிளஸ் ரோட்டரி ஹேமர். புதுக் கொண்டோக்களில் பலவற்றில் அலுமினியம் ஃபார்ம்வொர்க் அச்சில் ஊற்றிய ஆர்சி சுவர், அதாவது கம்பி போட்ட காங்கிரீட். சாதாரண ஹேமர் டிரில் அதில் சத்தம்தான் போடும், ஓட்டை போகாது. பிட் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். கம்ப்ரெசர் பிராக்கெட்டுக்கு எம்10 டிராப்-இன் ஆங்கர் (ஓட்டைக்குள் இறக்கி போல்ட் பிடிக்கும் உலோகப் பிளக்) என்றால் 12 மில்லி ஓட்டை, எம்8 என்றால் 10 மில்லி. இதை நாள் முழுக்கப் போட 2 ஜூல் அடி கொடுக்கும் மெஷினாவது வேண்டும்; போஷ் ஜிபிஎச் 18வி-26 என்றால் 2.6 ஜூல். அதற்காக 65 மில்லி பைப் ஓட்டையையும் இதிலேயே போடலாம் என்று வட்டமாக அறுக்கும் கோர் பிட்டை மாட்டாதீர்கள். கம்பியில் இடித்தால் பிட்டின் பல் உதிரும், கிளட்சும் போகும். வயர் உள்ள டைமண்ட் கோரிங் மெஷினை வாடகைக்கு எடுங்கள். ஆர்சி சுவர் கட்டடத்தைத் தாங்கும் சுவராக இருக்கலாம், மேனேஜ்மென்ட்டில் அனுமதி வாங்காமல் துளைக்க வேண்டாம்.

பினாங்கு வேலை எடுத்தால் கதையே மாறும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டுச் சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய மென்மையான செங்கல். அங்கே ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளையுங்கள். இல்லையென்றால் ஓட்டை வாய் அகன்று பிளக் சும்மா சுற்றும், பூச்சும் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

கிரைண்டர் 100 மில்லிதான், அதாவது 4 இன்ச். தாமான் (குடியிருப்புப் பகுதி) ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கட்டிங் டிஸ்க்குக்கு நடு ஓட்டை 16 மில்லி. மலிவு என்று அமெரிக்க 4½ இன்ச் மெஷினை வரவழைத்தால் அதன் டிஸ்க் ஓட்டை 22.23 மில்லி, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது. அமெரிக்க செட்டோடு வரும் சார்ஜர் 120 வோல்ட், ஜப்பான் செட்டில் 100. நம் 240-இல் செருகினால் அன்றோடு சரி.

பேட்டரியில் 5.0 ஆம்பியர்-மணி என்றால் உள்ளே பத்து செல், இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து வரிசை. கரண்ட் பாதிப் பாதியாகப் பிரிவதால் கிரைண்டரிலும் ரோட்டரி ஹேமரிலும் சூடு தாங்கும். 2.0-இல் ஐந்து செல்தான்; அது சீலிங்கில் கை தூக்கி வேலை செய்ய, ஸ்குரூவை அடித்து முடுக்கும் இம்பாக்ட் டிரைவருக்கு. இம்பாக்ட் என்றதும் ஒன்று: அதை ஏர்கோன் செம்புக் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 1/4 இன்ச் நட்டுக்கு ஏறக்குறைய 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும், இம்பாக்ட் 150-க்கு மேல் கொடுக்கும். செம்பு கிழிந்து கேஸ் கசியும்.

ஆன்லைனில் மகித்தா மெஷினில் ஏறும்படி செய்து '388விஎஃப்' என்று எழுதிய பேட்டரி விற்கிறார்கள். அந்த எழுத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை, உள்ளே அதே ஐந்து வரிசை செல்தான், 18 வோல்ட்தான். அதே சைஸ் பெட்டியில் 15.0 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் பச்சைப் பொய். தராசில் வையுங்கள்: பத்து செல் மட்டுமே 450 கிராம் வரும், ஆகவே 5.0 பேட்டரி 600 கிராமைத் தொடவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பெயரில்லாத பாடியில் (பேட்டரி இல்லாமல் விற்கும் மெஷின்) ஒரிஜினல் பேட்டரியை மாட்டுவதும் ஆபத்து. மகித்தாவில் சார்ஜ் இறங்கியதும் நிறுத்துவது மெஷினின் வேலை. மலிவு பாடியில் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் செல் அடிமட்டம் வரை வற்றிவிடும். பிறகு சார்ஜரில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும், பேட்டரி செத்தது. 'காசில்லாதவன் என்ன செய்வான்' என்று சண்டைக்கு வராதீர்கள். மலிவில் லைட் வாங்குங்கள், ப்ளோவர் வாங்குங்கள், ஆனால் சார்ஜ் இறங்கியதும் நிறுத்தும் ஏற்பாடு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியும் சார்ஜரும் மட்டும் ஒரிஜினல்.

வெயிலில் நிற்கும் வேனில் பேட்டரியை விடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் வைக்கக்கூடாது, சார்ஜ் 10 முதல் 40-க்குள் என்று மகித்தா கையேட்டிலேயே இருக்கிறது. கிரைண்டரிலிருந்து கழற்றிய சூட்டோடு சார்ஜரில் போட்டால் அது ஆறும்வரை காத்திருக்கும். மற்றபடி மகித்தாவின் விசிறி உள்ள டிசி18ஆர்சி சார்ஜர் 5.0-ஐ 45 நிமிடத்தில் ஏற்றிவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தவணையில் டூல் வாங்குகிறவனிடம் மெயின் கான்ட்ராக்டர் 'டெவலப்பர் இன்னும் காசு தரவில்லை' என்று மாதக்கணக்கில் இழுப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்த, கட்டுமான வேலைக்கான பணப் பாக்கியைப் பற்றிய மலேசியாவின் சிப்பா 2012 சட்டத்தில், 'எனக்கு வந்தால்தான் உனக்கு' என்கிற நிபந்தனை செல்லாது. ஆனால் அந்தச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்குத்தான். கொட்டேஷனுக்குக் கையெழுத்து வாங்காமல் மெஷினைத் தூக்காதீர்கள்.

சரி, கூட யாருமே இல்லை என்றால்? மகித்தா எல்எக்ஸ்டி அல்லது நீல போஷ், வீட்டுக்குப் பக்கத்தில் எதற்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அது. மில்வாக்கி கெட்டது என்று சொல்லவில்லை. பைப் பிரஸ், கேபிள் கிரிம்பிங் தினசரி வேலை என்றால் அவர்களுடைய 18 வோல்ட் வரிசையான எம்18 பக்கம் தாராளமாகப் போங்கள். முதல் செட்டில் ரோட்டரி ஹேமர், இம்பாக்ட் டிரைவர், இரண்டு 5.0, ஒரு 2.0. கிரைண்டர் பிறகு, பாடி மட்டும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கினாலும் சரி, கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து சார்ஜர் தகட்டில் 220-240 வோல்ட் இருக்கிறதா, மூன்று பின் பிளக்கா, சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் உண்டா என்று பாருங்கள். மெஷினின் சீரியல் நம்பரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பேட்டரிக்கு வாரண்டி எத்தனை மாதம் என்று தனியாகக் கேளுங்கள், மெஷினுக்குச் சொல்கிற கணக்கு பேட்டரிக்கு இருக்காது.