பூனைக்குட்டிக்கு வீடு தேடுகிறேன்

கேள்வி: மழையில் கார் டயருக்கடியில் கத்திக்கொண்டிருந்த மூவண்ணப் பூனைக்குட்டியைத் தூக்கி வந்தேன். வீட்டு ஓனர் வளர்க்கக் கூடாது என்கிறார். யாருக்குக் கொடுப்பது? — வாசகி, தாம்பரம்.

பதில்: பசும்பால் கொடுத்தால் உடனே நிறுத்துங்கள், வயிற்றுப்போக்கு வரும். 8 வாரம் ஆகாத குட்டியை யாருக்கும் தர வேண்டாம். பூச்சி மருந்து, தடுப்பூசிச் சீட்டோடுதான் கொடுக்க வேண்டும். கேட்டு வருபவரின் பால்கனியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வலை போடாத நாலாவது மாடி சரிப்படாது. ‘வீட்டில் எலித் தொல்லை’ என்று ஆரம்பிப்பவர் எலி மருந்தும் வைத்திருப்பார், ஜாக்கிரதை. அப்புறம், மூவண்ணம் என்றால் அநேகமாகப் பெண்தான். 6 மாதத்துக்குள் கருத்தடை செய்ய ஒப்புக்கொள்பவருக்கே கொடுங்கள். அதுவரை ஓனரிடம் தவணை கேளுங்கள், வாடகை ஏற்றும்போது நாம் பொறுக்கவில்லையா?