புதிய பேக்கேஜ் ஏசியை முதல் தடவை ஓட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

காரைக்குடியில் பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறீர்கள். மாடியில் சூடும் குளிரும் தரும் பேக்கேஜ் யூனிட் (எல்லாப் பாகமும் ஒரே பெட்டியில் இருக்கும் ஏசி) ஏறிவிட்டது, இன்றே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று வேண்டாம்.

முதலில் மெயினை அணைத்துப் பூட்டுங்கள். கரண்ட் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பேனலைத் திறக்க வேண்டும். கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும், கவனம். லாரியில் வருவதற்காக மாட்டிய கிளாம்புகளைக் கழற்றி, டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்கி, எர்த்தைச் சரிபாருங்கள். டிரெயின் டிராப்பில் (தண்ணீர் வெளியேறும் குழாயின் வளைவு) தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் கீழே உள்ள தேக்குக் கூரை பாழாகிவிடும். ஆத்தங்குடி கல் பதிக்கும் வேலை, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் முடிந்து வீட்டைக் கூட்டும்வரை ஓட்டவே வேண்டாம். அந்தத் தூசி காயிலை அடைத்துவிடும்.

அப்புறம் பேனலை மூடி, தெர்மோஸ்டாட்டை ஆஃபில் வைத்து, மெயினை மட்டும் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கம்ப்ரசரைச் சுற்றியுள்ள கிராங்க்கேஸ் ஹீட்டர் அப்போதுதான் வேலை செய்யும். நின்றிருக்கும் கம்ப்ரசரில் ரெஃப்ரிஜிரன்ட் (குளிர்விக்கும் கேஸ்) ஆயிலோடு கலந்து கிடக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஆயில் நுரைத்து பேரிங் காய்ந்துபோகும். நம்ம ஊர் வெயிலே போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மூன்று பேஸ் ஸ்க்ரோல் கம்ப்ரசர் என்றால், ஸ்டார்ட் ஆனதும் சக்ஷன் பிரஷர் (கேஸை உள்ளே இழுக்கும் பக்க அழுத்தம்) இறங்கி டிஸ்சார்ஜ் பிரஷர் (வெளியே தள்ளும் பக்க அழுத்தம்) ஏற வேண்டும். இரண்டும் அசையாமல் பெரிய சத்தம் வந்தால் தலைகீழாகச் சுற்றுகிறது. உடனே நிறுத்தி, மெயினை அணைத்து, உள்ளே வரும் இரண்டு பேஸை மாற்றுங்கள்.

ஹீட்டிங்கையும் சோதியுங்கள், ஆனால் புளோயர் காற்று வருகிறதா என்று பார்த்த பிறகு.