நாய்க்குட்டி யாருக்கு?

வணக்கம் ஐயா,

குரோம்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், திரும்ப இரவு ஏழாகிவிடும். எட்டு வயது மகள் ஒரு வருஷமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பகலில் வீட்டில் இருப்பது மாமியார் மட்டும். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறார். அசைவம் சமைக்காத வீடு. கணவருக்கு பக் பிடிக்கும், எனக்கு ஷிட்சு. ஒருவர் வாட்ஸப்பில் 35 நாள் ஷிட்சு குட்டிகளின் வீடியோ அனுப்பி, "டீகப் சைஸ், பெரிசா வளராது, அட்வான்ஸ் போட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்கிறார். எந்த இனம் வாங்கலாம்? குட்டி வருவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஆர்., குரோம்பேட்டை

அன்புள்ள ஆர்.,

அட்வான்ஸ் இன்னும் போடவில்லை என்றால் போட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

35 நாள் குட்டியை விற்பதே தவறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். விதியை விடுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டே கிடக்கும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போய்விடும், ஆட்டம் நின்றுவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. ஒரு மாதத்தில் பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை உங்கள் மகளின் கையில்தான் படிக்கும்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புகள் ஏற்றுக்கொண்ட எந்தப் பட்டியலிலும் 'டீகப்' என்று ஓர் இனம் இல்லை. வளர்ந்த ஷிட்சு நாலிலிருந்து ஏழெட்டு கிலோ வரை இருக்கும். அதைவிடப் பொடியாகக் காட்டினால், அது நோஞ்சான் குட்டியாக இருக்கலாம், அல்லது சொன்ன வயதுகூட ஆகாததாக இருக்கலாம். அவ்வளவு சிறிய குட்டிகளுக்கு ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழும் ஆபத்து உண்டு. வாங்குவதென்றால் நேரில் போங்கள், தாய் நாயைப் பாருங்கள், அவை வளரும் இடம் நாறுகிறதா என்று பாருங்கள். தாயைக் காட்டத் தயங்குகிறவரிடம் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

இனி இனம். அதற்கு முன் உங்கள் மாமியாரைப் பற்றிப் பேச வேண்டும். "உங்க இஷ்டம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், "வேண்டாம் என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்க நான் தயாராக இல்லை" என்று எடுத்துக்கொள்வதுதான் பத்திரம். நாய் மகளுக்கு என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மகள் பள்ளிக்கூடம் போய் வந்து, வீட்டுப்பாடம், டியூஷன் என்று முடித்தால் நாயோடு இருக்க ஒரு மணி நேரம் தேறும். உங்கள் இருவருக்கும் ராத்திரி கொஞ்ச நேரம். காலை எட்டு மணியிலிருந்து குட்டி யார் பின்னால் சுற்றும்? யார் மூத்திரத்தைத் துடைப்பார்கள்? கிடைக்கும் செருப்பை எல்லாம் கடிக்கும் வயதில் மதியம் மூன்று மணிக்கு அதை அதட்டுவது யார்? அது பாட்டியின் நாய்தான்.

அதிலும் நீங்கள் கேட்கும் வகை நாய்கள் வேட்டைக்கோ காவலுக்கோ உருவானவை இல்லை. பக்கும் ஷிட்சுவும் சீன அரண்மனைகளில் மனிதர் மடியில் கிடப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஆள் பக்கத்தில் இருப்பதுதான் அவற்றின் வேலை. தனியாக விட்டால் ஓயாமல் குரைக்கும், கதவைப் பிறாண்டும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே மாமியாரிடம் மகள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். பூஜை அறைக்குள் வரக் கூடாது என்பாரானால் அந்த வாசலில் ஒரு தடுப்பு போட்டுவிடலாம், குட்டிகள் எல்லையைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். அவர் மனதார ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த வருஷம் நாய் வேண்டாம். மகள் அழுவாள், பரவாயில்லை.

அவர் சரி என்றார் என்றே வைத்துக்கொள்வோம்.

பக் வேண்டாம். உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளட்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக்கின் மூக்கை நசுக்கி நசுக்கி அழகு பார்த்ததில் மூச்சுப்பாதையும் சேர்ந்து குறுகிவிட்டது. குறட்டை விடுகிறது என்று நாம் சிரிக்கிறோம், பல நேரங்களில் அது மூச்சுக்குப் போராடும் சத்தம். சென்னையின் மே மாதம், கடற்காற்றின் புழுக்கம், நடுவில் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்? 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக்கையும் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்களில் சேர்த்தது. அந்தக் கொள்கை நீதிமன்றம் வரை போனது, அது வேறு கதை. 2003 வாக்கில் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக்கைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் வாங்கினார்கள்.

ஷிட்சு அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் அதற்கும் மூக்கு குட்டைதான். முடி அவ்வளவாக உதிராது, பெருக்குகிறவர்களுக்கு நிம்மதி. உதிராத முடி வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் சிக்கல். தினமும் சீவ வேண்டும், மாதத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும், இல்லையென்றால் சடை விழுந்து அடியில் தோல் புண்ணாகும். வேலையிலிருந்து ஏழு மணிக்கு வருகிற நீங்கள் அதைச் செய்வீர்களா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். டாக்ஸ்ஹண்ட் எனப்படும் நீள முதுகுக் குட்டைக்கால் நாய் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் முதுகெலும்புத் தட்டு எளிதில் பிதுங்கும். லிஃப்ட் இல்லாத இரண்டு மாடிக்கு அது ஆகாது.

மிச்சம் நம் தெருக்களில் எல்லாரும் பொமரேனியன் என்று கூப்பிடும் வெள்ளை நாய். அதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஜெர்மன் ஸ்பிட்ஸிலிருந்து இங்கேயே உருவாகி, நம் வெயிலுக்குத் தலைமுறைகளாகப் பழகியது. மூக்கு நீளமானது, சாப்பாட்டில் ரகளை இல்லை, புத்திசாலி. முடி கொட்டும், காலிங் பெல் அடித்தால் மாடி அதிரக் குரைக்கும். இந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் உங்கள் வீட்டுக்கு இதுதான்.

ஆனால் குட்டியாக வாங்காதீர்கள் என்பேன். இரண்டு மூன்று வயதான ஒரு சிறிய நாயைத் தேடுங்கள். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், வீட்டில் வயதானவர் இறந்துபோய் நாயைப் பார்க்க ஆளில்லாதவர்கள் என்று நல்ல வீடு தேடுகிற நாய்கள் எப்போதும் இருக்கின்றன. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி வைத்தாலே தகவல் வரும். கிண்டி பக்கம் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். வளர்ந்த நாயிடம் ஒளிவுமறைவு கிடையாது. எவ்வளவு குரைக்கும், குழந்தையைக் கண்டால் என்ன செய்யும், எங்கே மூத்திரம் போகும் என்று ஒரு மாலை நேரம் போய் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது யார் காலடியில் வந்து உட்காருகிறது என்று பாருங்கள்.

கலப்பினக் குட்டியோ நாட்டு நாய்க் குட்டியோ கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், நோய் தாங்கும். நாட்டு நாய் வளர்ந்தால் பதினைந்து கிலோவுக்கு மேலும் போகலாம், நன்றாக நடக்கக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு மாடி இறங்கி ஏறுவது யார் என்ற கேள்விக்கு உங்கள் கணவர் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லியும் குட்டிதான் என்றால், தடுப்பூசிதான் முதல் வேலை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். பார்வோ என்ற வைரஸ் குட்டிகளை ரத்தமாகப் பேதியாக்கி இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் தரையில் குட்டியை விடக் கூடாது. அதற்காகப் பூட்டியும் வைக்கக் கூடாது, ஏனென்றால் பதினாலு வாரத்துக்குள் பார்த்துக் கேட்டுப் பழகியதற்குத்தான் அது பின்னால் பயப்படாமல் இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள், சிலிண்டர் போடுகிறவர், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் அதற்குப் பழக வேண்டும்.

மூத்திரப் பழக்கத்துக்கு மந்திரம் எதுவும் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பால்கனியில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். போனதும் உடனே பாராட்ட வேண்டும். தரையில் போனால் சத்தம் போடாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் அதை ஒளிந்து போக மட்டுமே பழக்கும்.

சாப்பாடு விஷயத்தில் உங்கள் வீட்டுக்கு வழி இருக்கிறது. வெறும் தயிர்சாதத்தில் வளர்ந்த பொமரேனியன்களை நாம் பார்த்திருக்கிறோம், அவை உயிரோடு இருந்தன என்பதைத் தவிர அதில் பெருமை இல்லை. நாய்க்குப் புரதம் வேண்டும். கடையில் வரும் உலர் உணவைப் போட்டால் சமையலறையில் அசைவம் நுழைய வேண்டியதில்லை. மாமியார் அதையும் ஒப்பவில்லை என்றால், சத்துக் குறையாத சைவ உணவு எது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான சங்கதி வேறு: சாம்பார் சாதம் போடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட்டும் நாய்க்கு விஷம், அதை மகளுக்குச் சொல்லுங்கள்.

மகளுக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம். சிறிய நாய்களுக்குக் கால் முறிவது பல நேரம் கையிலிருந்து விழுந்துதான். அப்புறம், அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. உறுமினால் யாரும் அதட்ட வேண்டாம். அது கடிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறது, அதட்டி அதை நிறுத்திவிட்டால் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மாமியாரின் முழங்காலுக்காக ஒன்று. சிறிய நாய் காலைச் சுற்றியே வரும், பெரியவர்கள் தடுக்கி விழுவது இப்படித்தான். கழுத்தில் ஒரு சின்னச் சலங்கை கட்டிவிடுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது மட்டும் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாமல் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள், இந்த நாய்களின் மூச்சுக்குழாய் மெல்லியது. மாநகராட்சி உரிமம் வாங்க மறக்காதீர்கள். குடியிருப்பு சங்கத்துக்காரர்கள் நாயே கூடாது என்று முறுக்கினால், அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது, அதைக் காட்டுங்கள். படிக்கட்டில் அசிங்கம் செய்தால் சுத்தம் செய்வது உங்கள் பொறுப்பு.

எப்போது கொண்டுவருவது? கோடை விடுமுறையில் என்று மகள் சொல்வாள். அப்போது வேண்டாம். இரண்டு மாதம் நாள் முழுக்கக் குழந்தையோடு இருந்துவிட்டு ஜூனில் திடீரென்று வீடு காலியானால் நாய் தவித்துப்போகும். தீபாவளிக்கு முந்தைய மாதமும் வேண்டாம். வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு, நீங்களோ கணவரோ ஒரு வாரம் லீவு போட முடிகிற நேரமாகப் பாருங்கள். அந்த வாரத்திலேயே அரை மணி, ஒரு மணி என்று மாமியாரும் நாயும் மட்டும் வீட்டில் இருக்கும்படி விட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள்.